உச்சுரக்காய் – ஒன்பது ஆண்டுகள் வெறிச்சோடிக் கிடந்த மலையூர்

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரமாக, வடக்கிலிருந்து தெற்கு முனைவரை ஏறத்தாழ 7,000 கிலோமீற்றர் நீளத்துக்கு அந்தீஸ் மலைத்தொடர் கிடக்கிறது. அதன் நடுப்பகுதியில் பெரு நாடு இருக்கிறது. பெருவின் தென்பகுதி மலைநாட்டில் ஆயகூச்சோ என்றொரு மாகாணம். அந்தப் பெயருக்கு கெச்சுவா மொழியில் 'இறந்தோரின் மூலை' என்று பொருள் சொல்வார்கள். மாகாணத் தலைநகருக்கும் 1825 முதல் அதே பெயர்தான். ஆனால் அங்குள்ளவர்கள் இன்றும் அதனைப் பழைய பெயரால் ஹுவாமங்கா என்றே அழைக்கிறார்கள். அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீற்றர் சென்றால் ஹுவாந்தா என்ற சிறு பட்டணம். அதற்கு மேலே, மலையின் தலைமாட்டில், உச்சுரக்காய் என்ற ஊர் இருக்கிறது. 2014 ஆம் ஆண்டு முதல் அது தனி மாவட்டம். இக்கட்டுரை அந்த ஊரையும் அதன் மக்களையும் பற்றியது.

உயரத்தை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் நாட்டின் மிக உயர்ந்த மலையாகிய பிதுருதலாகலை 2,524 மீற்றர். ஹுவாந்தாப் பட்டணத்தின் சந்தையில் தக்காளி விற்கும் பெண் அதைவிட உயரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். உச்சுரக்காயோ ஏறத்தாழ 4,000 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ராசுவில்கா என்ற பனிமலை அதற்கும் மேலே 5,000 மீற்றரை எட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த உயரத்தில் மரம் இல்லை. 'இச்சு' என்ற முரட்டுப் புல்தான் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. கூரை வேய்வதற்கும் அதுதான், விலங்குகள் மேய்வதற்கும் அதுதான். பகலில் வெயில் தோலைச் சுடும். இரவில் தண்ணீர் உறைந்து கட்டியாகும். இத்தகைய மேட்டுப் புல்வெளியை அவர்கள் 'பூனா' என்கிறார்கள்.

படிப்படியாய் இறங்கும் கமம்

மலைநாட்டுக் கமக்காரனுக்கு நிலம் என்பது அகலம் அல்ல, உயரம். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழ ஆறு பாகை வெப்பம் குறையும். ஆகவே ஒரே மலையில் மேலிருந்து கீழே நடந்தால் பல நாடுகளைக் கடந்ததுபோல் இருக்கும். உச்சியில் லாமா, அல்பாக்கா, செம்மறி ஆடுகள். சற்றுக் கீழே உருளைக்கிழங்கு. அதனோடு ஓக்கா, உல்லுக்கோ, மஷுவா என்று எங்களுக்குப் பெயர்கூடத் தெரியாத வேறு கிழங்குகள். ஸ்பானியர் கொண்டுவந்த வாற்கோதுமையும் உண்டு. மேலும் கீழே, ஹுவாந்தாப் பள்ளத்தாக்கில் சோளமும் பழமரங்களும். மலையின் கிழக்குப் பக்கமாக இறங்கினால் ஈரக் காடு, அபுரிமாக் ஆறு, கொக்காத் தோட்டங்கள்.

ஒரு படியில் இருப்பவனுக்கு மற்றப் படியின் விளைச்சல் வேண்டும். மேலே உள்ள குடும்பம் கம்பளி, உலர்ந்த இறைச்சி, காய்ந்த கிழங்கு ஆகியவற்றை லாமாவின் முதுகில் ஏற்றிக் கீழே கொண்டுபோய், சோளத்தோடும் கொக்கா இலையோடும் திரும்பும். ஒரு லாமா இருபத்தைந்து முப்பது கிலோதான் சுமக்கும். அதற்கு மேல் ஏற்றினால் படுத்துவிடும், அடித்தாலும் எழும்பாது. ஜோன் முர்ரா என்ற மானிடவியலாளர் 1970களில் இந்த ஏற்பாட்டை விரிவாக எழுதினார். பஞ்சம் வந்தால் ஒரு படியில் வரும், எல்லாப் படியிலும் ஒன்றாக வராது என்பதே இதன் சூட்சுமம். இங்கே சொல்லிவைக்க வேண்டிய ஒன்று: இப்படி வாழ்கிறவர்கள் ஒருபோதும் ஒதுங்கிக் கிடப்பவர்கள் அல்ல. நடந்து நடந்தே பிழைப்பவர்கள். இந்த விடயம் பின்னர் முக்கியமாகும்.

உருளைக்கிழங்கின் தாய்வீடு இந்த மலைகள்தான். வெலிமடையிலும் யாழ்ப்பாணத்திலும் நாம் கண்ட கிழங்கு எல்லாம் இங்கிருந்து புறப்பட்ட வித்தின் வழிவந்தவை. (மிளகாயும் நிலக்கடலையும் மரவள்ளியும்கூட அமெரிக்கக் கண்டங்களின் கொடைதான். அவை வருமுன் எமது சமையல் எப்படி இருந்ததோ!) பெருவில் 3,000க்கு மேற்பட்ட உருளைக்கிழங்கு இனங்கள் உள்ளன. கறுப்பு, ஊதா, சிவப்பு, மஞ்சள் என்று நிறம். விரல்போல, பந்துபோல, பூனையின் பாதம்போல என்று வடிவம். ஒன்றின் பெயர் 'மருமகளை அழவைப்பது'. முண்டும் முடிச்சுமாக இருப்பதால் அதன் தோலைச் சீவுவது பெரும்பாடு. புதுப் பெண்ணின் கைத்திறனைப் பார்க்க மாமியார் அதைத்தான் கொடுப்பாராம். ஒரே தோட்டத்தில் பத்து இருபது இனங்களைக் கலந்து நடுவார்கள். உறைபனி ஒன்றைக் கொல்லும், பூஞ்சணம் இன்னொன்றைக் கொல்லும், எஞ்சியது பானைக்கு வரும்.

மழை டிசம்பர் முதல் மார்ச் வரை பலமாகப் பெய்யும். அதை நம்பி ஒக்ரோபர், நவம்பரில் நடுவார்கள். மே, ஜூனில் கிண்டுவார்கள். உழவுக்குச் 'சாக்கித்தக்யா' என்ற மிதிகலப்பை. ஆண்கள் காலால் மிதித்து மண்ணைக் கிளப்ப, எதிரே குந்தியிருக்கும் பெண் அந்த மண்கட்டியைக் கையால் புரட்டுவாள். மாடு நிற்க முடியாத சரிவிலும் இது வேலை செய்யும். ஒரு முறை கிழங்கு வைத்த நிலத்தை அடுத்துப் பல ஆண்டுகள் தரிசாக விடுவது வழக்கம். எந்தப் பகுதியை இவ்வாண்டு திறப்பது என்பதை ஊர் கூடி முடிவு செய்யும். வேலையும் கூட்டாகத்தான். இன்று உங்கள் தோட்டத்தில் நான், நாளை என் தோட்டத்தில் நீங்கள் என்ற கைமாற்று முறைக்கு 'அய்னி' என்று பெயர்.

'சூஞ்ஞோ' என்ற காய்ந்த கிழங்கைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஜூன், ஜூலை மாதங்களில் வானம் தெளிந்து, இரவில் உறைபனி கொட்டும். அந்தக் காலம் பார்த்து, சிறிய கிழங்குகளையும் கசப்புக் கிழங்குகளையும் புல்லின்மேல் பரப்பி விடுவார்கள். சில இரவுகள் உறைந்தும் பகலில் இளகியும் கிழங்கு பஞ்சுபோல் ஆகும். பின்னர் காலையில் வெறுங்காலால் அதை மிதித்து, நீரைப் பிழிந்து, தோலை அகற்றி வெயிலில் காயவிட்டால், கல்போல் இறுகிய சிறு உருண்டை மிஞ்சும். நிறை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். உலர்ந்த இடத்தில் வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. வெள்ளை நிறம் வேண்டுமானால் ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்துக் காயவைப்பார்கள். மின்சாரமும் இல்லை, உப்பும் இல்லை. குளிரையும் வெயிலையும் மட்டும் வைத்துக்கொண்டு செய்த களஞ்சியம் இது.

மனிதரின் மொழி

கெச்சுவாவை அதன் மக்கள் 'ருணாசிமி' என்கிறார்கள். மனிதரின் வாய் அல்லது மனிதரின் பேச்சு என்று பொருள். இன்கா அரசர்கள் பரப்பிய மொழி என்று பலரும் எழுதுவர். அவர்களுக்கு முன்பே அது பரவியிருந்தது. 2017 குடிசனக் கணக்கெடுப்பின்படி பெருவில் ஏறத்தாழ 38 இலட்சம் பேர், அதாவது நூற்றுக்கு 13 பேருக்குச் சற்று அதிகமானோர், அதைத் தாய்மொழியாகக் குறிப்பிட்டனர். 1975 இல் அரசு அதனை ஆட்சி மொழியாக அறிவித்தது. அறிவித்ததோடு சரி, நீதிமன்றத்திலும் ஆஸ்பத்திரியிலும் ஸ்பானிய மொழி தெரியாதவர் நெடுங்காலம் ஊமைபோல்தான் நின்றார்.

தமிழருக்கு இம்மொழியில் சில வியப்புகள் உண்டு. வீடு 'வாசி'. வீடுகள் 'வாசிகுனா'. வீடுகளில் 'வாசிகுனாப்பி'. சொல்லின் வாலில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போவது எங்கள் இலக்கணம் போலவே இருக்கிறது. 'வந்தானாம்' என்பதில் உள்ள 'ஆம்' போல, நான் கண்ணால் காணவில்லை, கேள்விப்பட்டேன் என்று காட்டும் ஓர் ஒட்டும் உண்டு. நாம், நாங்கள் என்ற வேறுபாடும் உண்டு: 'ஞொகஞ்சிக்' என்றால் உங்களையும் சேர்த்து நாம், 'ஞொகய்க்கு' என்றால் நீங்கள் நீங்கலாக நாங்கள். ஸ்பானிய மொழியில் இந்த வேறுபாடு இல்லை. இரு மொழிகளுக்கும் உறவென்று யாரும் எண்ணிவிட வேண்டாம். உலகின் இரு மூலைகளில் இரு மக்கள் தம்பாட்டில் அமைத்துக்கொண்டவை இவை.

ஹுவாந்தா மலைமேட்டு மக்களை 'இக்கிச்சானோ' என்று அழைப்பது வழக்கம். 1820களின் பிற்பகுதியில், புதிதாய்ச் சுதந்திரம் பெற்ற பெருக் குடியரசை எதிர்த்து இவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். தலைமை தாங்கியவர் அந்தோனியோ ஹுவாச்சாக்கா என்ற கோவேறு கழுதை வணிகர். அவருடைய தளம் உச்சுரக்காயில் இருந்தது. பின்னர் இவ்வூர் நிலம் பெருந்தோட்டக்காரர் கையில் இருந்தது. 1969 இன் நிலச் சீர்திருத்தச் சட்டத்தோடு நாடெங்கும் அத்தோட்டங்கள் கலைக்கப்பட்டன. 1980 அளவில் உச்சுரக்காயில் ஐந்நூறு பேருக்கும் குறைவானவர்களே இருந்தனர். ஒரு பாடசாலையும் இருந்தது.

1983

'ஒளிரும் பாதை' எனப் பொருள்படும் செந்தேரோ லுமினோசோ என்ற மாவோவாத இயக்கம் ஆயகூச்சோப் பல்கலைக்கழகத்தில் உருவானது. 1980 மே 17 ஆம் திகதி, பொதுத் தேர்தலுக்கு முதல் நாள், சுஸ்சி என்ற கெச்சுவா ஊரில் வாக்குப் பெட்டிகளை எரித்துத் தன் போரைத் தொடங்கியது. ஏழைகளின் பெயரால் வந்தவர்களைத் தொடக்கத்தில் சில ஊர்கள் வரவேற்றன. கால்நடைத் திருடரைத் தண்டித்தார்கள், மகிழ்ச்சிதான். பின்னர் வாரச் சந்தைகளை மூடினார்கள். பட்டணத்துக்கு விற்காதே, உன் வயிற்றுக்கு மட்டும் விதை என்றார்கள். மேலே கிழங்கும் கீழே சோளமும் என்று வாழ்பவனுக்குச் சந்தையை மூடினால் என்ன மிஞ்சும்? ஊர்த் தலைவர்களைக் கொல்லவும் தொடங்கினார்கள். உச்சுரக்காயிலும் 1982 இறுதியில் அது நடந்தது.

1983 ஜனவரி 21 இல் அயலூரான ஹுவாய்ச்சாவோவின் மக்கள் செந்தேரோவைச் சேர்ந்த ஏழு பேரைக் கொன்றார்கள். நாட்டின் ஜனாதிபதி அதை வெளிப்படையாகப் பாராட்டினார். ஹெலிகொப்டரில் வந்திறங்கிய விசேட பொலிசார், கால்நடையாக வரும் அந்நியரைக் கொல்லுங்கள், நாங்கள் வந்தால் வானத்தால்தான் வருவோம் என்று ஊரவருக்குச் சொல்லிப் போயிருந்தார்கள். ஜனவரி 26 ஆம் திகதி எட்டுப் பத்திரிகையாளர்கள் ஹுவாய்ச்சாவோவில் நடந்ததை விசாரிக்கப் புறப்பட்டு, உச்சுரக்காய்க்கு நடந்து வந்தார்கள். செந்தேரோவினர் என்று கருதிய ஊரவர், அந்த எட்டுப் பேரையும் வழிகாட்டியையும் கல்லாலும் தடியாலும் கோடரியாலும் கொன்றார்கள். செந்தேரோவோடு தொடர்புள்ளவர் என்று ஐயப்பட்டுத் தம் ஊரவர் ஒருவரையும் கொன்றார்கள். பத்திரிகையாளர் ஒருவரின் கமரா பின்னர் கிடைத்தது. சாகுமுன் அவர் எடுத்த படங்கள் அதில் இருந்தன.

நாடே அதிர்ந்தது. எழுத்தாளர் மரியோ வர்காஸ் லியோசா தலைமையில் அரசு ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. (2010 இல் நோபல் பரிசு பெற்றவர் இவரே.) கொன்றவர்கள் ஊரவரே என்ற அதன் முடிவு பின்னைய ஆய்வுகளிலும் நிலைத்தது. ஆனால் நவீன உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டு ஆதிகாலத்தில் வாழும் மக்கள் என்று அவர்களை அந்த அறிக்கை வருணித்தது. சந்தைக்கும் காட்டுத் தோட்டத்துக்கும் தலைமுறை தலைமுறையாக நடந்தவர்களை, பாடசாலை வைத்திருந்தவர்களை அப்படி எழுதியது எனக்குப் பெரும் அநீதியாகவே படுகிறது. அச்சமும், மேலிடத்து உத்தரவும் சேர்ந்து செய்வித்த கொலைக்கு ஆதிகாலம் என்ற விளக்கம் தேவையில்லை. 1987 இல் மூன்று விவசாயிகளுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இவ்வளவும் உலகம் அறிந்த கதை. அதன் பிறகு ஊருக்கு நடந்தது அதிகம் பேசப்படவில்லை. செந்தேரோ பழிவாங்கத் திரும்பி வந்தது. 1983 மே மாதத்திலும், ஜூலையிலும், டிசம்பர் நத்தார் காலத்திலும் ஊருக்குள் புகுந்து கொன்றது. இராணுவமும், அயலூர்க் காவற்குழுக்களும் தம் பங்குக்குக் கொன்றன. மொத்தமாக 135 பேர் மாண்டார்கள் என்று உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2003 இல் கணக்கிட்டது. ஐந்நூறு பேர் இல்லாத ஊரில் 135 பேர்! எஞ்சியவர்கள் 1984 இல் விளைந்ததையும் வீட்டையும் விட்டு இறங்கினார்கள். ஊர் வெறிச்சோடியது.

இறங்கியவர்கள்

சிலர் ஹுவாந்தாப் பள்ளத்தாக்கில் தங்கினார்கள். சிலர் கிழக்கே காட்டுத் தோட்டங்களில் கூலிக்குப் போனார்கள். சிலர் 500 கிலோமீற்றருக்கு அப்பால் தலைநகர் லீமாவுக்குப் போனார்கள். லீமா கடற்கரைப் பாலைவனத்தில் கட்டிய நகரம். அங்கே மழை என்று ஒன்று அநேகமாக இல்லை. மழையைப் பார்த்து நாளைக் கணக்கிட்டவன், மூங்கிற்பாயால் மறைத்த குடிலில், மணல் மேட்டில், பவுசரில் வரும் தண்ணீருக்காக வாளியோடு நின்றான். வாயைத் திறந்தால் கெச்சுவா. ஆயகூச்சோக்காரன் என்று தெரிந்தால் பயங்கரவாதி என்ற பார்வை. உச்சுரக்காய் என்ற பெயரைச் சொல்வதோ இன்னும் ஆபத்து. பத்திரிகையாளரைக் கொன்ற ஊர் என்றே நாடு அதை அறிந்திருந்தது.

போரில் பல ஊர்களின் பதிவு அலுவலகங்கள் எரிக்கப்பட்டன. பிறப்புச் சான்றிதழ் இல்லை; ஆகவே அடையாள அட்டை இல்லை; ஆகவே எந்தச் சோதனைச் சாவடியிலும் சந்தேகநபர். இதை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நாடு முழுவதும் ஏறத்தாழ 6 இலட்சம் பேர் இடம்பெயர்ந்ததாக மதிப்பிடப்பட்டது. 69,000க்கு மேற்பட்டோர் இறந்தோ காணாமற்போயோ இருக்கலாம் என்பது ஆணைக்குழுவின் மதிப்பீடு. அவர்களில் நான்கில் மூவர் கெச்சுவா அல்லது வேறு பூர்வீக மொழி பேசியவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் கமமும் கால்நடையும் செய்தவர்கள். அக்காலத்தை ஆயகூச்சோ மக்கள் 'சாசாச்சாக்குய் காலம்' என்கிறார்கள். கடினமான காலம் என்பது அதன் பொருள். 'யாக்கி' என்றொரு சொல்லும் உண்டு. துயர நினைவு உடலுக்குள் நிரம்பி, தலையிலும் நெஞ்சிலும் ஏறி, ஆளை நோயாளியாக்குவது அது. அச்சத்தில் இருந்த தாயின் பாலைக் குடித்த பிள்ளை மந்தமாகும் என்றும் சொல்கிறார்கள். மருந்துச்சாலையில் இவற்றுக்குப் பெயரில்லை.

ஏறியவர்கள்

செந்தேரோவின் தலைவர் அபிமாயெல் குஸ்மான் 1992 செப்டெம்பரில் பிடிபட்டார். அடுத்த ஆண்டு, 1993 ஒக்ரோபரில், உச்சுரக்காயின் குடும்பங்கள் சில திரும்ப மலை ஏறின. பழைய வீடுகள் கூரையற்ற கற்சுவர்களாக நின்றன. அவற்றில் அவர்கள் குடியேறவில்லை. பழைய ஊரை இறந்தோருக்கு விட்டுவிட்டு, அதற்கு அருகே புதிய ஊரைக் கட்டினார்கள். முன்பு அவரவர் தோட்டத்தருகே சிதறிக் கிடந்த வீடுகள், இப்போது காவலுக்கு வசதியாகத் தெரு பிடித்து நெருங்கி நின்றன. புல்லுக்குப் பதிலாகத் தகரக் கூரை வந்தது. தகரம் எளிதில் தீப்பற்றாது, உண்மைதான். ஆனால் நாலாயிரம் மீற்றர்க் குளிரில் தகரத்தின் கீழ் படுப்பவருக்குத்தான் அதன் குறை தெரியும்.

நிலம் இருந்தது. ஊர்ப் பொது நிலமானதால் யாரும் அதை விற்றிருக்கவில்லை. தரிசு கிடந்து பழகிய மண்ணும்கூட. கால்நடைதான் இல்லை. ஆடும் லாமாவும் போரில் யார் யாருக்கோ உணவாகிப் போயின. ஆடு இல்லாவிட்டால் எரு இல்லை, எரு இல்லாவிட்டால் கிழங்கு இல்லை. விதையும் இல்லை. வித்துக்கிழங்கு என்பது நெல்லைப்போல மூடையில் கட்டி ஆண்டுக்கணக்கில் வைக்கக்கூடியது அல்ல. ஆண்டுதோறும் நட்டால்தான் உயிரோடிருக்கும். ஒன்பது ஆண்டு நடாத குடும்பத்திடம் தன் இனங்கள் இராது. அயலூர்களில் கேட்டு, உறவினரிடம் கடன் வாங்கித்தான் தொடங்க வேண்டியிருந்தது. லீமாவில் 1971 இல் நிறுவப்பட்ட சர்வதேச உருளைக்கிழங்கு நிலையம், முன்னர் மலை ஊர்களில் சேகரித்த பழைய இனங்களை நோய் நீக்கி, 1990களின் பிற்பகுதி முதல் பல ஊர்களுக்குத் திருப்பிக் கொடுத்து வந்திருக்கிறது. கிழங்கை எடுத்துச் சென்றவர்கள் அதைத் திருப்பித் தந்தது அபூர்வமான காரியம்.

எல்லோரும் திரும்பவில்லை. மணல்மேட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மிதிகலப்பை பிடிக்கத் தெரியாது. கெச்சுவா கேட்டால் விளங்கும், பதில் ஸ்பானிய மொழியில் வரும். பல மலையூர்களில் வயதானவர்கள் மேலே கிழங்கு வைக்க, பிள்ளைகள் கீழே பாடசாலைக்கும் கூலிக்கும் போனார்கள். ஒரு குடும்பத்துக்கு இரண்டு அடுப்பு. அதிகாரிகள் இதைப் பாதி மீள்குடியேற்றம் என்று கணக்கில் குறைத்தார்கள். ஆனால் மேலே ஒரு காணி, கீழே ஒரு காணி என்று வாழ்ந்து பழகிய மக்களுக்கு இது புதிதல்ல என்றே தோன்றுகிறது.

2002 ஏப்ரலில் ஆணைக்குழு ஹுவாமங்காவிலும் ஹுவாந்தாவிலும் பகிரங்க அமர்வுகளை நடத்தியது. கெச்சுவாப் பெண்கள் தம் மொழியிலேயே சாட்சி சொல்ல, அது தொலைக்காட்சியில் நாடெங்கும் கேட்டது. அடுத்த ஆண்டு வந்த அறிக்கை, கொல்லப்பட்டோரில் பாதிக்கு மேற்பட்டோரின் மரணத்துக்குச் செந்தேரோவே பொறுப்பு என்றது. இராணுவத்தின் குற்றங்களையும் பெயர் குறித்துச் சொன்னது. ஆயகூச்சோ மறைமாவட்டத் தலைமை மனித உரிமைகளுக்காக உறுதியாக நிற்கவில்லை என்றும் எழுதியது. மற்ற இடங்களில் குருக்களும் கன்னியரும் சுவிசேஷ சபைகளும் செய்த நல்ல பணிகளையும் அதே அறிக்கை பதிந்திருக்கிறது.

2005 இல் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. பாதிக்கப்பட்ட ஊர் ஒன்றுக்கு ஒரு இலட்சம் சோல் வரையான பொதுவேலை. 2011 இல் வகுத்த விதியின்படி, கொல்லப்பட்ட அல்லது காணாமற்போன ஒருவருக்காகக் குடும்பத்துக்குப் பத்தாயிரம் சோல். பல பிள்ளைகள் இருந்தால் அதைப் பங்கிட வேண்டும். இடம்பெயர்ந்தவர் என்ற காரணத்துக்காக மட்டும் காசு இல்லை. அவர்களுடைய பெயரைப் பதிவேட்டில் எழுதி, ஓர் இலக்கம் கொடுத்து, சான்றிதழ் ஒன்றையும் கையில் கொடுத்தார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 26 ஆம் திகதியை ஒட்டி, இறந்த எட்டுப் பேரின் நினைவாகப் பத்திரிகையாளர்கள் உச்சுரக்காய்க்கு ஏறி வருகிறார்கள். அது மழைக்காலம். ஒக்ரோபரில் நட்ட கிழங்குக்கு இரண்டாம் முறை மண் அணைக்கும் வேலையும் அந்த நாட்களை ஒட்டித்தான் வரும்.